தடித்த பெயர் ஊரில், மெலிந்த பெயர் வெளிநாட்டில்

இணையதளம் வடிவமைக்கிற உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல. "சார், காசு குடுத்து வாங்குற அந்த ஃபாண்டுக்குப் பதிலா ஃப்ரீயா எதைப் போடலாம்? பேரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். பேரை மட்டும் சொல்லியிருக்கலாம். இணையத்தில் தேடினாலே இலவச எழுத்துருக்களின் பேர் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கேள்வி கேட்டால் அவ்வளவு சுலபத்தில் தப்பிக்க முடியுமா? கேட்டவர் மாட்டிக்கொண்டார். அவரோடு சேர்த்து நீங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டீர்கள்.

நான் வேலை பார்த்த இடம் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு ஜவுளிக் கடைக்கு மேல் மாடி. கடைகள், பள்ளிகள், திருமண மண்டபங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இணையதளம் வேண்டுமென்றாலும் எங்களிடம் வருவார்கள். வருகிறவர்களிடம் பேசுவது, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்வது, கோபமாக வந்தால் டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. எங்கள் முதலாளி நல்ல மனிதர். அவசரக்காரர், அவ்வளவுதான். வடிவமைப்பு முழுக்க கதிரவனின் கையில் இருந்தது.

கதிரவன் கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். எழுத்துப் பைத்தியம். பஸ்ஸின் போர்டைப் பார்த்துவிட்டு, "அந்த 'R'க்கு காலை ஒடிச்சுப்புட்டாய்ங்கண்ணே" என்று வருத்தத்தோடு அலுவலகத்துக்குள் நுழைவான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மூக்கருகே வைத்து எழுத்தின் வளைவையெல்லாம் பார்ப்பான், தேதியைப் பார்க்க மாட்டான். எங்கள் கணக்காளர் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் போய் மண்டபம் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அவனுக்கு உயிரான ஒரு ஆங்கில எழுத்துரு இருந்தது. வால், கொக்கி எதுவும் இல்லாத சுத்தமான எழுத்து. சந்தா கட்டி வாங்குகிற சரக்கு. அதன் பேரைச் சொல்லி நான் விளம்பரம் செய்யப் போவதில்லை. அலுவலகத்தில் அதற்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்திருந்தோம். எந்தத் தளம் வந்தாலும் கதிரவன் பெரியவரைத்தான் கூப்பிடுவான்.

இப்போது ஜெயந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறந்தாங்கியில் மருந்துக் கடை வைத்திருக்கிறவர். கணவர் மஸ்கட்டில். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து ரத்தக் கொடையாளர் குழு ஒன்று நடத்தினார்கள். அதற்கான தளத்தை நாங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தோம். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து, வகையைத் தேர்ந்தெடுத்து, வருகிற பெயர்களுக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்து ஆட்கள் என்பதால் உங்களுக்கே தெரிந்திருக்கும். கொடையாளர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள். லீவில் வந்தால்தான் ஊரில் இருப்பார்கள். அதனால் அந்தக் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன், அடுத்து இந்தத் தளத்தில் 'ஊரில் இருக்கிறேன்' என்று ஒரு தொடுதல். திரும்பப் போகும்போது அதை எடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். மாமியார் வீட்டுக்குப் போக மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள் என்று ஜெயந்தி பெருமையாகச் சொல்வார்.

ஊரில் இருப்பவரையும் இல்லாதவரையும் பக்கத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது? முதலில் பச்சை, சிவப்பு என்று வண்ணம் போட்டுப் பார்த்தோம். அந்தப் பக்கத்தை அச்சடித்து ஆஸ்பத்திரிகளில் ஒட்டுகிற வழக்கம் இருந்தது. கறுப்பு வெள்ளை பிரிண்டரில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக வந்து தொலைத்தது. கதிரவன்தான் வழி சொன்னான். பெரியவருக்கு மெலிசிலிருந்து தடிமன் வரைக்கும் பல எடைகள் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் பெயர் மெலிசாக, ஊரில் இருப்பவர் பெயர் சற்றே தடிப்பாக. பெயர்களெல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருந்தன, அதனால் அது கச்சிதமாகப் பொருந்தியது. பார்வைக்கு அழகு, அச்சிலும் தெரியும். குழுவில் எல்லோரும் "தடிச்ச பேருக்குப் போடு, மெலிஞ்ச பேரை விட்ரு" என்று பேசப் பழகிவிட்டார்கள். எனக்கு அந்த யோசனை இன்றைக்கும் பிடிக்கும்.

சில வருடங்கள் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு எழுத்துரு விற்கிற நிறுவனம் விதியை மாற்றியது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி உரிமம் வாங்க வேண்டுமாம். ஜவுளிக் கடைக்காரரிடம் கேட்கலாம். ரத்தம் கொடுக்கிறவர்களிடம் போய், "உங்கள் பெயரை அழகாகக் காட்ட உரிமம் வாங்குங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பது? இலவச எழுத்துருவுக்கு மாறிவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்தார். மாப்பிள்ளை தேடும் பொறுப்பு கதிரவனுக்கு.

அவன் தேடிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரியவரின் எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக வைத்து, அதன் மேல் ஒவ்வொரு இலவச எழுத்தாகப் போட்டு ஒப்பிடுவான். இதற்கு 'a' ஒத்து வருகிறது, 'G' சரியில்லை. அதற்கு 'G' பிரமாதம், எண்கள் ஒல்லி. இன்னொன்றுக்கு எல்லாம் சரி, ஆனால் அகலம் கூடுதல், பெயர்கள் மடிந்து அடுத்த வரிக்குப் போகின்றன. கடைசியில் ஒன்றைப் பிடித்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, "எதுண்ணே பெரியவரு?" என்று என்னிடம் கேட்டான். எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. முதலாளி தப்பாகக் கை காட்டினார். கதிரவன் குதித்தான்.

இன்னொரு நல்ல காரியமும் செய்தான். கிராமத்துப் பக்கம் சிக்னல் இழுத்துக்கொண்டுதான் கிடைக்கும், ஆகவே பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று, அந்த எழுத்துருவில் எல்லா எடைகளையும் ஏற்றாமல் சாதாரணமான ரெகுலர், நல்ல தடிமனான போல்ட் இரண்டை மட்டும் ஏற்றினான். எங்கள் மற்ற தளங்களுக்கு அது போதும். ஆனால் ஜெயந்தியின் பக்கம் கேட்பது வேறு இரண்டு எடைகளை. மெலிசாக 'லைட்', தடிப்பாக 'மீடியம்'. அவை கிடைக்காதபோது பிரவுசர் என்ன செய்யும்? இரண்டுக்கும் ரெகுலரையே கொடுத்துவிடும். அப்படியே கொடுத்தது. எல்லாப் பெயர்களும் ஒரே தடிமனுக்கு வந்துவிட்டன. மாற்றி முடித்ததும் கதிரவன் அந்தப் பக்கத்தையும் திறந்து பார்த்தான். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான். ஒரு பெயரையும் படிக்கவில்லை. அழகில் மயங்குகிறவர்களுக்கு நம் தொழிலில் நடக்கிற விபத்து இதுதான்.

மறுநாள் முற்பகல் ஜெயந்தியின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவில் கத்தினார்.

"சார், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? எல்லாப் பேரும் ஒண்ணு போல கெடக்கு! இங்க ஒரு புள்ளைக்குப் பிரசவம் ஆயி ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ். அதோட தம்பி மேலேருந்து வரிசையா போன் போட்டிருக்கான். ஒருத்தரு தோஹாங்குறாரு, ஒருத்தரு குவைத்துங்குறாரு, மிச்சம் பேரு எடுக்கவே இல்ல. அந்தப் பையன் அழுவுறான் சார்!"

அவர் பட்டுக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் வேறு எந்தக் குறிப்பும் இல்லை. அந்தப் பக்கத்தை நம்பித்தான் குழுவே ஓடியது. நான் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

அடுத்த நிமிடம் அலுவலகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். நீங்களும் அதையேதான் செய்வீர்கள். ஒருவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒருவர் போனில் பக்கத்தைத் திறந்து, "ஆமா, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். முதலாளி கதிரவனின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"பழைய ஃபாண்ட் ஃபைலு உன் மெஷின்ல இருக்குல்ல? தூக்கிப் போடு. ஒரு மணி நேரம் ஓடட்டும், எவன் பாக்கப் போறான்? மொதல்ல சைட்ட சரி பண்ணுடா."

கதிரவனின் முகம் வெளுத்திருந்தது. தப்பு எங்கே என்று அவனுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, அது எனக்குத் தெரிந்தது. அவன் கை எழுத்துரு இருக்கிற இடத்துக்குப் போகவில்லை. தளத்தின் பின்னால் இருக்கிற பதிவுகளைத் திறந்தான். ஓ நெகட்டிவ், ஊரில் இருப்பவர்கள் என்று பிரித்தான்.

"சைட்டு ரத்தம் குடுக்காது சார்" என்றான். "அக்கா, நீங்க பஸ்ஸை விட்டு எறங்க வேணாம். அந்தப் பையன்கிட்ட இனிமே யாருக்கும் போடாதேன்னு மட்டும் சொல்லிருங்க, லைன் ஃப்ரீயா இருக்கட்டும். அவன் நம்பரையும் எந்த ஆஸ்பத்திரின்னும் சொல்லுங்க, நாங்க கூப்புடுறோம்."

திரையில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பெயர்கள் வந்தன. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருப்பவர்களை முதலில் எடுத்தான். "அண்ணே, இது ஒங்களுக்கு. சார், இது ஒங்களுக்கு" என்று முதலாளிக்கும் ஒரு எண்ணைக் கொடுத்தான். முதலாளி வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். அதுவரைக்கும் அவருக்கு யாரும் அந்த அலுவலகத்தில் வேலை சொல்லி நான் பார்த்ததில்லை.

நான் கூப்பிட்டவர் நார்த்தாமலையில் உறவினர் வீட்டில் இருந்தார். வருகிறேன் என்றார், ஆனால் வந்து சேர நேரமாகும். முதலாளி கூப்பிட்டவருக்குக் காய்ச்சல். கதிரவன் கூப்பிட்டவர் எடுத்தார், ஆனால் பின்னால் ஏதோ இயந்திரம் கடகடவென்று ஓடியதில் ஒன்றுமே கேட்கவில்லை. "அண்ணே, கொஞ்சம் அங்கிட்டு தள்ளி வாங்கண்ணே!" என்று இவன் கத்த, எங்கள் மாடியே அதிர்ந்தது. கீழே ஜவுளிக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

அந்த மனிதர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தவர். அறந்தாங்கிக்கு வெளியே புது வீட்டுக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தார். ஓடியது கான்கிரீட் கலவை இயந்திரம். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், தளம் போடுகிற நாளில் வீட்டுக்காரன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். அதுவும் வருடக்கணக்காக வெளிநாட்டில் உழைத்துக் கட்டுகிற வீடு.

அவர் இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து விஷயத்தைக் கேட்டார். பிறகு, "பெரிய ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கதா?" என்றார். கதிரவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பது என்றான். "கொத்தனாரப் பாத்துக்கச் சொல்லிட்டு இந்தா வாரேன்" என்று வைத்துவிட்டார்.

கதிரவன் அந்தப் பெண்ணின் தம்பிக்குப் போன் செய்து, ஆள் வருகிறார், வாசலில் நில்லுங்கள் என்று சொன்னான். நார்த்தாமலைக்காரரையும் வரச் சொன்னான். ஒருவர் போதாமல் போனால் என்ன செய்வது என்று அந்தப் பதற்றத்திலும் அவனுக்குத் தோன்றியிருந்தது. அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

அப்போதும் முதலாளி பழைய ஃபைலை மறக்கவில்லை. பயத்தில் சொன்னார், கெட்ட எண்ணத்தில் இல்லை. கதிரவன் திரும்பிப் பார்த்தான்.

"அது நம்மளுது இல்ல சார். நம்மளுதாவே இருந்தாலும் வேணாம். நெட்டு சரியா இல்லாத ஏதாச்சும் ஒரு போன்ல அந்த ஃபாண்ட் எறங்கலன்னா மறுபடியும் இதே கததான். எழுத்தோட தடிமன நம்பி ஒரு உசுர வைக்கக் கூடாது சார். அத வச்சது நாந்தான்."

அத்தனை நாள் அலைந்து கண்டுபிடித்த எழுத்துருவை அந்தப் பக்கத்திலிருந்து அவனே பிடுங்கி எறிந்தான். எந்த எழுத்துருவும் வேண்டாம், யார் போனில் என்ன எழுத்து இருக்கிறதோ அதிலேயே தெரியட்டும் என்று விட்டான். ஊரில் இருப்பவர்களை மேலே கொண்டுவந்து ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தமிழில் 'ஊரில்' என்று போட்டான். மற்றவர்களைக் கீழே தள்ளி 'வெளிநாட்டில்' என்று போட்டான். பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை. ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது. கதிரவன் எழுத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தான். பதிவோடு சரிபார்த்தான். பிறகு என்னையும் படிக்கச் சொன்னான்.

மதியச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. சவூதிக்காரர் காலில் சிமெண்டு காயாமலேயே வந்து சேர்ந்தாராம். நார்த்தாமலைக்காரரும் வந்தார். சாயங்காலம் அந்தப் பெண்ணின் தம்பியே கதிரவனைக் கூப்பிட்டான். "அக்கா கண்ணு முழிச்சிருச்சு அண்ணே" என்றான். கதிரவன் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பேசி முடித்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அவனை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தப்பே செய்யாதவர்களை நான் பார்த்ததில்லை. தப்பு தெரிந்ததும் முதலில் தன் வேலையைக் காப்பாற்ற ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நல்ல திறமைசாலிகள் அவர்கள். இவன் தன் எழுத்தை, தன் யோசனையை, தன் பேரை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ரத்தம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு நிமிடத்தில் அது எல்லோருக்கும் தோன்றாது.

மறுநாள் அவனாகவே அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினான். நானும் கூடப் போனேன். மருந்துக் கடையில் ஜெயந்தி விடவில்லை. "எழுத்து அழகா இருக்கான்னு பாத்தீங்களே தம்பி, ஆளு இருக்கானான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். கதிரவன் தலையைக் குனிந்து, "பாக்கலக்கா. என் தப்புதான்" என்றான். காரணம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திட்டிவிட்டு அவரே கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பிறகு மறுபடியும் எழுத்துரு தேடினான். விட்டுவிடுவான் என்று நினைத்தேன், விடவில்லை. ஆனால் இந்தத் தடவை பெரியவரைத் திரையில் பெரிதாக வைத்துப் பார்க்கவே இல்லை. பெரியவர் இத்தனை வருடம் அந்தப் பக்கத்தில் என்னென்ன வேலை செய்தார் என்று ஒவ்வொன்றாக யோசித்தான். போன் எண்களை வரிசையாக நிற்க வைத்தார். நீளமான பெயரை ஒரே வரிக்குள் அடக்கினார். சின்ன அளவிலும் எழுத்துகள் ஒட்டாமல் பார்த்துக்கொண்டார். அந்த வேலைகளைச் செய்கிற ஆளைத்தான் தேடினான், முகஜாடையைத் தேடவில்லை. கீரனூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "இந்த நம்பரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று தொல்லை கொடுத்தான். ஒரு அம்மா இவனைக் கண்டால் வேறு சீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம்.

ஒன்று அகப்பட்டது. சாதாரணமான எழுத்துரு. யாரும் அதைப் புகழ்ந்து எழுதி நான் பார்க்கவில்லை. தேவையான எடைகள் இருக்கின்றனவா, எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறோமா, உரிமம் நம் பயன்பாட்டை அனுமதிக்கிறதா என்று பார்த்து, ஜெயந்தியின் பக்கத்தில் போட்டான். எழுத்துரு இறங்காவிட்டாலும் 'ஊரில்' என்ற சொல் அப்படியே இருந்தது. அதை அவன் எடுக்கவே இல்லை.

மறுநாள் ஜெயந்தியைப் போனில் கூப்பிட்டான். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"அக்கா, நேத்து புது எழுத்து போட்டிருக்கேன். எப்புடி இருக்கு?"

"எந்த எழுத்து தம்பி?"

"நம்ம பக்கத்துலதாங்கா. பேரெல்லாம் வருதுல்ல."

"காலையிலகூட ஒரு அவசரம்னு தொறந்தேனே. மொதப் பேருக்குப் போட்டேன், ஆளு வந்துட்டாரு. எழுத்த நான் பாக்கவே இல்லையே. ஏன், எதுவும் தப்பா இருக்கா?"

"இல்லக்கா" என்றான். "தப்பு ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றான். கண் கலங்கியிருந்தது. திட்டு வாங்கியிருப்பான் என்று நினைத்து முதலாளி எழுந்து வந்து, "என்னடா சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்க பாக்கவே இல்லையாம் சார்!" என்று கத்தினான் கதிரவன். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.